சிங்கப்பூரின் பழைய தெருக்களை நடந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் உறவினர்களையும் நண்பர்களையும் பழைய தெருக்களுக்கு நடக்க அழைத்துப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். கிளம்பும் முன்பும் வழியிலும் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சிங்கப்பூர்ல பழசுன்னு என்ன இருக்கு? எல்லாம் கண்ணாடிக் கட்டடம்தானே?

நிறைய இருக்கிறது. தேசிய நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்க 1971ல் சட்டம் வந்தது. 1973ல் முதல் எட்டுக் கட்டடங்களை அறிவித்தார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் அந்த எட்டில் ஒன்று. 1989ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ போன்ற இடங்களைத் தனிக் கட்டடங்களாகப் பிரிக்காமல் முழுப் பகுதிகளாகவே பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். இன்று அப்படிக் காக்கப்படும் கட்டடங்கள் 7,000க்கும் மேல்.

கண்ணாடிக் கோபுரங்களின் காலடியிலேயே இவை இருப்பதால், காரில் போகிறவர்களுக்குக் கண்ணில் படுவதில்லை. நடந்தால்தான் தெரியும்.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்?

சிங்கப்பூர் ஆற்றை நடுவில் வைத்து நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குத் தெற்கே சைனாடவுனும் தெலுக் ஆயர் தெருவும். வடக்குக் கரையில் பாடாங் திடலும் அதைச் சுற்றி ஆங்கிலேயர் காலத்து அரசுக் கட்டடங்களும். அதற்கு வடகிழக்கே கம்போங் கிளாம். அங்கிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் லிட்டில் இந்தியா, நம்மவர்கள் சொல்லும் தேக்கா.

வழி தேடித் திண்டாட வேண்டாம். மாரியம்மன் கோயில் வாசலில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் சாலையில் நேராக நடந்தால் எல்ஜின் பாலம் வரும். பாலத்தைத் தாண்டியதும் அதே சாலைக்கு நார்த் பிரிட்ஜ் சாலை என்று பெயர். பாலத்துக்குத் தெற்கே ஒரு பெயர், வடக்கே ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தச் சாலையே உங்களை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கடந்து கம்போங் கிளாம் சுல்தான் பள்ளிவாசல் வரை கொண்டுபோய் விடும்.

அவ்வளவும் ஒரே நாள்ல நடக்க முடியுமா?

மாரியம்மன் கோயிலிலிருந்து சுல்தான் பள்ளிவாசல் சுமார் 3 கிலோமீட்டர். அங்கிருந்து சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வரை போனால் மொத்தம் 5 கிலோமீட்டரை ஒட்டி வரும். தூரம் பெரிதில்லை. ஆனால் நின்று நின்று பார்க்கும்போது நேரம் பறந்துவிடும். இரண்டு நாளாகப் பிரிப்பதுதான் என் யோசனை: ஆற்றின் தென்கரையும் பாடாங்கும் ஒரு நாள், கம்போங் கிளாமும் தேக்காவும் இன்னொரு நாள்.

கால் ஓய்ந்துபோனால் எங்கே நின்றாலும் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்திலேயே இருக்கும். சைனாடவுன், தெலுக் ஆயர், சிட்டி ஹால், பூகிஸ், லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் எல்லாம் இந்த வழியை ஒட்டிய நிலையங்கள்.

வெயில்ல தாங்குமா? எந்த மாசம் வரலாம்?

பூமத்தியரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் தீவு இது. எந்த மாதம் வந்தாலும் பகலில் 31, 32 டிகிரி, கூடவே புழுக்கம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கூடுதல். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் திடீரென்று இடி மழை கொட்டிவிட்டுப் போகும். குடை கையில் இருக்கட்டும், வெயிலுக்கும் உதவும்.

மாதத்தைவிட நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு உதித்து 7 மணிக்கு மறையும். காலை 7.30க்குத் தெருவில் இறங்கி 11 மணிக்குள் ஒரு சுற்றை முடியுங்கள். நடுப்பகலை அருங்காட்சியகத்துக்குள் கழித்துவிட்டு மாலை 5 மணிக்கு மறுபடியும் கிளம்பலாம்.

கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில் எல்லாத்துக்குள்ளயும் நம்மை விடுவாங்களா?

விடுவார்கள். எல்லாமே இன்றும் வழிபாடு நடக்கும் இடங்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இந்துக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பது இங்கேயும் வழக்கம். சுல்தான் பள்ளிவாசலில் சுற்றிப் பார்ப்பவர்களுக்கென்று தனி நேரம் உண்டு, வெள்ளிக்கிழமை அனுமதி இல்லை. கையும் காலும் மூடிய உடை வேண்டும். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே அங்கி தருவார்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சைனாடவுன் நடுவுல எப்படி மாரியம்மன் கோயில் வந்துச்சு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதற்குள் ஊரின் கதையே இருக்கிறது. 1819ல் ராஃபிள்ஸ் இங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தளத்தை நிறுவினார். அதே ஆண்டு பினாங்கிலிருந்து அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை போட்டார், துணி வியாபாரம் செய்தார், தீயில் கடையை இழந்தார், மறுபடி எழுந்தார். இங்கே வந்து சேர்ந்த இந்துக்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று நின்றவரும் அவர்தான்.

முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கொடுத்தார்கள். பூஜைக்கு நல்ல தண்ணீர் அங்கே கிடைக்கவில்லை. அடுத்துக் கிடைத்த இடம் 1822ல் தயாரான நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. அந்தத் திட்டம்தான் ஆற்றுக்குத் தென்மேற்கே சீனர்களுக்கு, கம்போங் கிளாம் மலாய்க்காரர்களுக்கும் அரபு வணிகர்களுக்கும் சுலவேசித் தீவின் பூகிஸ் வணிகர்களுக்கும் என்று ஊரை இனவாரியாகப் பிரித்தது. கடைசியில் 1823ல் சவுத் பிரிட்ஜ் சாலை இடம் அமைந்தது. 1827ல் மரமும் கூரையுமாகக் கோயில் எழுந்தது. காகிதத்தில் கோடு போட்டுப் பிரித்தாலும் மக்கள் கலந்துதான் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி. சில அடி தள்ளிப் போனால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், அதாவது சூலியாக்கள், 1826ல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல். பக்கத்துத் தெருக்களின் பெயர்களைப் பாருங்கள்: கோயில் கோபுரத்தால் பகோடா தெரு, கோயிலால் டெம்பிள் தெரு, பள்ளிவாசலால் மாஸ்க் தெரு. சைனாடவுனின் முக்கியமான மூன்று தெருக்களுக்குப் பெயர் கொடுத்தவை தமிழர்கள் கட்டிய இரண்டு கட்டடங்கள்.

2019ல் இருநூறாம் ஆண்டு நிறைவின்போது ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் தற்காலிகமாக வைத்த நான்கு சிலைகளில் நாராயண பிள்ளையின் சிலையும் ஒன்று.

தெலுக் ஆயர்னா தண்ணி இருக்கிற விரிகுடான்னு சொன்னீங்க. கடலையே காணோமே?

நீங்கள் நிற்கும் இடம்தான் கடற்கரை. தெலுக் என்றால் மலாய் மொழியில் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரை அலை இந்தத் தெரு ஓரத்தில்தான் அடித்தது. பிறகு தூர்த்துக்கொண்டே போய்விட்டார்கள். இன்று கிழக்கே தெரியும் மரினா விரிகுடா கூடக் கடல் இல்லை. 2008ல் அணை கட்டி அதை நன்னீர்த் தேக்கமாக மாற்றிவிட்டார்கள்.

இது தெரிந்தால் தெருவே வேறு மாதிரித் தெரியும். ஏன் இந்தச் சின்னத் தெருவில் இத்தனை வழிபாட்டு இடங்கள்? கப்பலில் இருந்து உயிரோடு இறங்கியவர்கள் முதலில் மிதித்த மண் இது. ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் கடல் தெய்வமான மாசுவுக்கு நன்றி சொல்ல தியன் ஹோக் கெங் கோயிலைக் கட்டினார்கள். 1839 முதல் 1842 வரை வேலை நடந்தது, ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பொருத்தியே எழுப்பியது. சில அடி தள்ளி, 1828 முதல் 1830 வரை தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டிய நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் எனும் ஷாகுல் ஹமீது அடங்கியிருப்பது நம் நாகூரில். இங்கே இருப்பது அவர் நினைவு மட்டும். கீழே ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும், மேலே நாகூரை நினைவூட்டும் சின்ன மினாராக்களும் துளைச் சுவரும். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827ல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். சிங்கப்பூர் வரலாற்று நூல்களில் ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்தத் தமிழ்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கம்போங் கிளாம்ல சுல்தான் பள்ளிவாசல் தவிர என்ன பார்க்கலாம்?

முதலில் அந்தப் பள்ளிவாசலையே நன்றாகப் பாருங்கள். தங்கக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு வளையம் ஓடும். அவை கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகங்கள். 1920களில் புதிய கட்டடம் எழுப்பத் தொடங்கியபோது, பணம் கொடுக்க வசதியில்லாத முஸ்லிம்களும் பங்கெடுக்கட்டும் என்று பாட்டில்களைக் காணிக்கையாக வாங்கிப் பதித்தார்கள்.

அப்புறம் பீச் சாலைக்கு நடந்து ஹாஜா ஃபாத்திமா பள்ளிவாசலுக்குப் போங்கள். மலாக்காவில் பிறந்த அந்தப் பெண்மணியின் வீட்டில் திருட்டும் தீவைப்பும் நடந்தன. உயிர் தப்பிய நன்றிக்காக அந்த இடத்தையே கொடுத்து 1840களில் பள்ளிவாசல் கட்டவைத்தார். அதன் மினாரா 6 டிகிரி அளவுக்குச் சாய்ந்து நிற்கும். அடியில் மணற்பாங்கான நிலம், காரணம் நீங்களே ஊகித்திருப்பீர்கள்: தெலுக் ஆயர் போல இதுவும் ஒரு காலத்துக் கடற்கரை. பீச் சாலை என்ற பெயரும் அதனால்தான்.

தேக்காவுல சாமான் வாங்குறதைத் தவிர என்ன இருக்கு?

மாடுகளின் கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இது மாட்டு வியாபாரப் பகுதி. தண்ணீரும் புல்லும் கிடைத்த தாழ்நிலம். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அடுத்தடுத்து இருக்கும், இரண்டுக்கும் அர்த்தம் எருமைதான், ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். பிலிலியோஸ் சாலை கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரியின் பெயர். தேக்கா என்பதோ மூங்கில் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சொல். நாம் தமிழ்ச் சொல் போலப் புழங்குகிறோம்.

கெர்பாவ் சாலையில் பல வண்ணங்களில் ஒரு வீடு இருக்கும். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது 1900ல் டான் டெங் நியா என்ற சீன வணிகர் கட்டியது. லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை. டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் முகப்பில் சூரியன் வடிவம் ஒன்றைப் பாருங்கள், அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபியில் இருக்கும். கேம்பல் லேனில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் நடுப்பகல் வெயிலுக்கு நல்ல இடம்.

கடைவீடெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? அதுல என்ன பார்க்கிறது?

கீழே கடை, மேலே வீடு என்று கட்டியவைதான் கடைவீடுகள். ஒரு முறை மேலே பார்த்து நடங்கள். மாடி தாழ்வாக, சின்ன ஜன்னலோடு, அலங்காரமே இல்லாமல் இருந்தால் பழைய வகை. மூன்று ஜன்னல்கள் நெருக்கமாக, பூவேலையும் வண்ண ஓடுகளுமாக இருந்தால் 1900க்குப் பிந்தைய செழிப்பான காலம். நேர்கோடுகளும் உச்சியில் பொறித்த ஆண்டும் இருந்தால் 1930களிலோ அதற்குப் பிறகோ கட்டியது. முன்புறம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருப்பதால், நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் முற்றம் விட்டிருப்பார்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

தரைத்தளத்தில் நீங்கள் நடக்கும் கூரையிட்ட பாதைதான் அஞ்சடி. ஒவ்வொரு வீடும் முன்னால் திறந்த தாழ்வாரம் விட வேண்டும், அது தெரு நெடுகத் தொடர்ந்து போக வேண்டும் என்று 1822லேயே ராஃபிள்ஸ் எழுதிவைத்தார். மழையிலும் வெயிலிலும் நடக்கிறவர்களுக்காகப் போட்ட விதி. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அதன் நிழலில்தான் நடக்கிறோம்.

அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. அஞ்சடியில் மட்டும் கவனம் வேண்டும், வீட்டுக்கு வீடு தரைமட்டம் மாறும், ஒரு படி ஏறி ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி என்றால் பாடாங் சுற்றும் ஆற்றங்கரையும்தான் வசதி, சமதளம். எம்ஆர்டி நிலையங்களில் லிஃப்ட் உண்டு.

இங்கிலீஷ்காரன் கட்டின கட்டடத்துல நமக்கு என்ன இருக்கு?

கட்டிய கைகள் இருக்கின்றன. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளை இங்கே வேலை வாங்கினார்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை மீட்டார்கள், இன்று அதிபர் மாளிகையான இஸ்தானாவைக் கட்டினார்கள். 1861ல் முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கட்டியதே. எல்லோரும் தமிழர்கள் என்று சொல்லிவிட முடியாது. மதராஸ், வங்காளம், பம்பாய் என்று பல மாகாணத்தவர்கள்.

தேவாலயத்துக்குள் போனால் சுவரைப் பாருங்கள். அதில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அதே வேலைப்பாடு. அந்தக் கைதிகளின் பெயர்கள் அங்கே எழுதப்படவில்லை.

அங்கிருந்து பாடாங் திடலுக்கு வந்தால், 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் முன் பேசிய இடம். மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். எதிரே எஸ்பிளனேட் பூங்காவில் அந்தப் படைக்கு ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. 1945ல் ஜப்பானியர் தோற்றதும் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது இருப்பது 1995ல் வைத்த அடையாளக் கல்.

அரை நாள்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்னா எது?

தெலுக் ஆயர் தெரு, அப்படியே மாரியம்மன் கோயில். மேலே சொன்ன காரணங்கள் போதும்.

வழிகாட்டி வெச்சுக்கணுமா?

அவசியமில்லை. தேசிய மரபுடைமைக் கழகம் பகுதிவாரியாக நடைப்பாதைக் கையேடுகளை வரைபடத்தோடு இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. முக்கியமான இடங்களில் விளக்கப் பலகையும் இருக்கும்.

இதெல்லாம் நிஜமாவே பழசா, இல்ல டூரிஸ்டுக்காகச் சாயம் அடிச்சதா?

இரண்டும் கலந்துதான் இருக்கிறது. சைனாடவுனில் பழமையாகத் தெரியும் புத்தர் பல் கோயில் 2007ல் திறந்தது. ஆற்றங்கரையின் வெள்ளை ராஃபிள்ஸ் சிலை ஒரு நகல். 1887ல் செய்த கறுப்பு வெண்கலச் சிலை விக்டோரியா அரங்கத்தின் முன்னால் இருக்கிறது. கடைவீடுகளின் சுவர் பழையது, உள்ளே அலுவலகமும் காப்பிக் கடையும். அங்கே நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

இல்லாமல் போனதும் உண்டு. மார்க்கெட் தெருவில் நகரத்தார் வரிசையாக உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த கிட்டங்கிகளை இடித்துவிட்டார்கள். அது எனக்குத் தீராத வருத்தம். ஆனால் அவர்கள் 1859ல் டேங்க் சாலையில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் அங்கிருந்து சைனாடவுன் கியோங் சைக் சாலை விநாயகர் கோயிலுக்கு இன்றும் போய்வருகிறது. கட்டடம் போன பிறகும் நிற்கும் பழமை இது. தை மாதம் வந்தால் அந்த ரதத்தோடு நடங்கள்.

1819க்கு முன்னாடி இங்க ஒண்ணுமே இல்லையா? ராஜேந்திர சோழன் வந்தாருன்னு சொல்றாங்களே?

இருந்தது. ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் புக்கிட் லாராங்கான், போகக்கூடாத மலை. பழைய அரசர்களின் இடம் என்று நம்பினார்கள். 1928ல் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது அங்கே தங்க நகைகள் கிடைத்தன. 1984 முதல் நடந்த அகழாய்வுகளில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. தெமாசெக் என்ற துறைமுகம் அப்போதே இங்கே இருந்தது.

சோழர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். 1025ல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மேல் கடற்படை அனுப்பியது உண்மை, தஞ்சைக் கல்வெட்டு ஊர் ஊராகச் சொல்கிறது. இந்தத் தீவில் இறங்கினார்களா என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆற்று முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த ஒரு பெரிய பாறை இருந்தது. 1843ல் அதை வெடிவைத்து உடைத்தார்கள். மிஞ்சிய துண்டுக்குச் சிங்கப்பூர்க் கல் என்று பெயர். அதைச் சோழரோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, ஆனால் யாரும் அதை இன்னும் முழுதாகப் படித்துக் காட்டவில்லை. ஃபோர்ட் கேனிங்கிலிருந்து இறங்கினால் அடிவாரத்திலேயே தேசிய அருங்காட்சியகம், கல் அதன் உள்ளே இருக்கிறது. எழுத்துகள் தேய்ந்துபோயிருக்கும், கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், வரிகள் தெரியும்.